வெட்டுப்பட்ட கோபுரமும் ஆளில்லாத ஊரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் பால் செஸானின் ‘கார்தான்’ ஓவியம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றின் நிலக்காட்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ஓவியத்தைப் பார்த்து எழுதிய வரிகள் மூன்றோ நான்கோதான். மற்றதெல்லாம் ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பிலிருந்து எடுத்துப் படத்தின் தலையில் ஏற்றி வைத்தவை. ஊரில் ஆள் இல்லை, ஆகவே தனிமை. சன்னல்கள் இல்லை, ஆகவே மூடிய மனம். கேன்வாஸில் பூசாமல் விட்ட இடம் இருக்கிறது, ஆகவே விரக்தி. மூன்றுமே தவறு என்று நினைக்கிறேன். எங்கே தவறியது என்று சொல்வதற்கு முன் அச்சைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த ஓவியம் 80 செ.மீ. உயரம், 64 செ.மீ. அகலம். நிமிர்ந்து நிற்கும் படம். தங்கள் பக்கத்தில் அது சதுரமாக வந்திருக்கிறது. மேலே தேவாலயக் கோபுரத்தின் நுனி போய்விட்டது, கீழே ஒரு பட்டை போய்விட்டது. பக்க வடிவமைப்பாளருக்கு இது இரண்டு விரற்கடை இட நெருக்கடி. ஓவியருக்கோ அந்த உயரம்தான் முதல் முடிவு. 1885 கோடை முதல் 1886 வரை கார்தானில் இருந்தபோது செஸான் அந்த ஊரை மூன்று முறை வரைந்தார். ஃபிலடெல்பியாவின் பார்ன்ஸ் தொகுப்பில் இருப்பது கிடைவாக்குப் படம். ப்ரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருப்பதும் நியூயார்க் படமும் நிலைவாக்கு. அன்றைய பிரான்சில் கேன்வாஸ் சட்டங்கள் எண் போட்டு ஆயத்தமாக விற்கப்பட்டன. 25ஆம் எண் 81க்கு 65 செ.மீ., 30ஆம் எண் 92க்கு 73 செ.மீ. நியூயார்க் படம் ஏறத்தாழ 25ஆம் எண், ப்ரூக்ளின் படம் 30ஆம் எண். அளவைத் தீர்மானித்தது கடை. சட்டத்தைப் படுக்க வைப்பதா நிறுத்தி வைப்பதா என்பதுதான் ஓவியர் கையில் இருந்தது. படுக்க வைத்தால் குன்று அகலமாகப் பரவும். நிறுத்தினால் வீட்டின் தோளில் வீடு ஏறி, கூரைக்கு மேல் கூரையாக அடுக்கி, கோபுரத்தில் போய் முடியும். முழுப் படத்தின் அச்சு கிடைத்தால் கோபுரத்தை ஒரு விரலால் மறைத்துப் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்த கூரைகளுக்குப் போய்ச் சேர இடமில்லாமல் போகும். தங்கள் பக்கத்தில் அந்த விரலைக் கத்தரிக்கோல் வைத்துவிட்டது.

மை இன்னொரு சிக்கல். நாளிதழ் அச்சின் நான்கு மைகளால் கோபால்ட் நீலத்தையும் விரிடியன் பச்சையையும் சரியாகக் காட்ட முடியாது. பச்சை கறுக்கும், நீலம் ஊதாவாகச் சாயும், மங்கிய மஞ்சள் சுவர் ஆரஞ்சாகும். ‘கனத்த, இருண்ட மரங்கள்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது செஸானின் மரங்களா, அச்சு எந்திரத்தின் மரங்களா என்று எனக்குச் சந்தேகம்.

பெயர் விஷயத்தை விரைவாக முடித்துவிடலாம். ‘செஸான் பின் இம்ப்ரெஷனிச இயக்கத்தில் சேர்ந்தார்’ என்ற வரி நிற்காது. அப்படி ஓர் இயக்கம் அவர் காலத்தில் இல்லை. 1910 நவம்பரில் லண்டன் கிராஃப்டன் அரங்கில் ஆங்கில விமர்சகர் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சிக்காக வைத்த பெயர் அது. அதற்குள் அந்தப் பெயரில் சேர்க்கப்படும் ஓவியர்கள் செரா (1891), வான்கோ (1890), கொகான் (1903), செஸான் (1906) நால்வரும் இறந்துவிட்டார்கள். யாரும் தன்னை அந்தப் பெயரால் அழைத்துக்கொண்டதில்லை. இம்ப்ரெஷனிசம் தந்த தூய நிறத்தை வைத்துக்கொண்டு, நொடிப்பொழுது ஒளியைப் பிடிக்கும் வேலையை மட்டும் கைவிட்டவர்கள் என்பதுதான் இவர்களுக்குள் பொது. கைவிட்ட பிறகு நால்வரும் நான்கு திசையில் போனார்கள். ஆகவே ‘பின் இம்ப்ரெஷனிசக் கிராமம்’ என்று ஒரு பொதுச் சாவியைச் செய்து எல்லாப் படத்தையும் திறக்க முடியாது.

சரி, படத்துக்கு வருவோம். இத்தகைய நிலக்காட்சியைப் பார்க்க உட்காரும்போது, முதலில் கண்ணைப் பாதி மூடி இடுக்கிப் பார்க்க வேண்டும். வீடு, மரம், வானம் என்ற பெயர்கள் உதிர்ந்து, வெளிச்சமும் இருளுமாக நான்கைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளை ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் தீப்பெட்டி அளவுக்குக் குறித்துக்கொண்டால் படத்தின் எலும்பு கைக்கு வந்துவிடும். கார்தானில் அடியில் மரங்களின் பச்சைத் திட்டு, அதற்கு மேல் சுவர்களின் வெளிர்ந்த திட்டு, அதைக் குறுக்கே வெட்டும் செங்கூரைகளின் சிறு சிறு சரிவுகள். கீழே உள்ள பச்சையைத் தாளால் மறைத்தால் வீடுகள் மிதக்கத் தொடங்கும். அந்த மரங்கள் ஊருக்கு அழகு சேர்க்க வந்தவையாக எனக்குத் தெரியவில்லை. சுமை தாங்க வைத்தவை.

அடுத்து கோடுகள். தொலைவைக் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். கண்மட்டத்துக்கு மேலே உள்ள கூரை விளிம்பு தூரம் போகப் போகக் கீழிறங்கும், கண்மட்டத்துக்குக் கீழே உள்ளது மேலேறும், ஒரே திசையில் போகும் இணைகோடுகளெல்லாம் ஒரு புள்ளியில் கூடும். அச்சின் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, கூரை விளிம்புகளை அளவுகோலால் நீட்டிப் பாருங்கள். செஸானின் ஊர்க் காட்சிகளில் அவை ஒரே புள்ளியில் சேர மறுக்கும். ஒரு வீட்டைச் சற்று இடமிருந்து பார்த்ததுபோலவும் அடுத்ததைச் சற்று மேலிருந்து பார்த்ததுபோலவும் கோடுகள் போகும். இதை வரையத் தெரியாத குறை என்று தள்ளுவோரும் உண்டு, கணிதப் புரட்சி என்று தூக்குவோரும் உண்டு. எனக்கு இரண்டும் மிகை. நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு சுவரையும் அதன் பக்கத்துச் சுவரோடு மட்டும் ஒப்பிட்டுப் பூசுகிறவருக்கு இது தானாக நேரும். தனித்தனிப் பார்வைகளை ஒரே மையத்துக்கு இழுத்துத் திருத்த அவர் அக்கறை காட்டவில்லை.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியவை விளிம்புகள். என் மதிப்பில் இந்த ஓவியத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு மரத்தின் உச்சியையும் அதன் பின்னாலுள்ள சுவரையும் எடுத்துக்கொண்டு, இரண்டும் சந்திக்கும் விளிம்பை மெல்லத் தொடர்ந்து போங்கள். ஓரிடத்தில் விளிம்பு நீலக் கோடாகக் கறாராக நிற்கும். கொஞ்ச தூரத்தில் அந்தக் கோடு அறுந்து, மரத்தின் பச்சை சுவருக்குள் கசியும், அல்லது சுவரின் மஞ்சள் இலைக்குள் வந்து உட்காரும். பிரெஞ்சில் இதைப் பாசாஜ் என்பார்கள், கடந்து போகும் வழி என்று பொருள். முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் அந்த வாசல் வழியாக ஒரே தளத்துக்கு வந்துவிடும். ஆழமும் தெரிய வேண்டும், கேன்வாஸின் தட்டையும் கெடக்கூடாது என்ற இரட்டை வேலையை இந்த அறுந்த விளிம்புகள்தான் செய்கின்றன. நகல் எடுக்கும் மாணவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். விளிம்பை முழுக்க மூடிவிட்டால் படம் வெட்டி ஒட்டிய காகிதமாகும். முழுக்கத் திறந்துவிட்டால் பனிமூட்டமாகும்.

தூரிகைத் தீற்றலின் திசையையும் கவனிக்க வேண்டும். 1880களின் செஸானிடம் தீற்றல்கள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக, சிறு கற்றைகளாக இருக்கும். இலைக்கும் அதே சாய்வு, சில இடங்களில் சுவருக்கும் அதே சாய்வு. வான்கோ இதற்கு நேர்மாறானவர். வயலில் வயல் வளரும் திசை, கூரையில் வைக்கோல் சரியும் திசை, வானத்தில் வானத்துக்கென்று ஒரு திசை என்று பொருளுக்குப் பொருள் தீற்றல் மாறும். ஒருவர் படத்தை அசையாமல் பூட்டுகிறார், மற்றவர் அவிழ்த்து ஓட விடுகிறார். கொகானிடம் தீற்றலே அடங்கி, கோடு சூழ்ந்த தட்டை நிறமாகிவிடும். செராவிடம் அது புள்ளியாகிவிடும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை போதும். இம்ப்ரெஷனிச ஓவியர் மோனேயின் வைக்கோற்போர் படங்களில் (1890–91) நிழலின் நீளத்தைப் பார்த்துப் பொழுதைச் சொல்லிவிடலாம். கார்தானில் அது நடக்காது. சுவரின் ஒரு முகம் இளஞ்சூடான நிறம், மறு முகம் குளிர்ந்த நிறம், அவ்வளவே. தரையில் விழும் நிழல் குறைவு. பல நாள் வெயில் ஒரே சுவரில் சேர்ந்து படிந்திருக்கிறது. ‘மாலை நேரச் சோகம்’ என்ற கட்டுரை வரிக்குக் கேன்வாஸில் சாட்சி இல்லை.

இனி அந்த மூன்று முடிவுகள். ஆள் இல்லாமை கார்தானுக்கு மட்டும் உரியதல்ல. செஸானின் முதிர்ந்த நிலக்காட்சிகளில் மனித உருவம் அரிதிலும் அரிது. காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தெருமுனையில் அரை அங்குல உயரத்துக்கு ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள். உடனே கண் அங்கே ஓடும். வீட்டின் உயரம், தூரம் எல்லாம் அந்த ஆளை அளவுகோலாக வைத்து இறுகிவிடும். அறுந்த விளிம்புகளால் அவர் திறந்து வைத்த வாசல்கள் எல்லாம் அடைபடும். மேலும், தனிமை என்று சொல்வதற்கு வாழ்க்கைக் குறிப்பும் ஒத்துழைக்கவில்லை. கார்தானில் அவருடன் துணைவி ஹோர்டென்ஸும் மகன் பாலும் இருந்தார்கள். 1886 ஏப்ரலில் திருமணமும் நடந்தது. தந்தையின் மறைவால் வந்த துயரம் என்கிறது கட்டுரை. தந்தை இறந்தது 1886 அக்டோபரில், இந்தப் படங்களுக்குப் பின்னால். நண்பரும் எழுத்தாளருமான ஜோலாவுடனான முறிவையும் கட்டுரை இழுத்து வருகிறது. 1886 ஏப்ரலில் கார்தானிலிருந்து எழுதியதுதான் அவருக்கு செஸான் அனுப்பிய கடைசிக் கடிதம் என்று நெடுநாள் நம்பப்பட்டது உண்மை. 1887 நவம்பர் தேதியிட்ட கடிதம் ஒன்று வெளியே வந்த பிறகு அந்தக் கதையும் ஆட்டம் கண்டுவிட்டது. வாழ்க்கை வரலாற்றைச் சாவியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைந்தபட்சம் தேதிகளையாவது சரிபார்க்கலாம்.

சன்னல் விஷயத்தில் ஓவியரின் மனதைத் துழாவுவதற்கு முன் ஊரின் கட்டடத்தைப் பார்த்திருக்கலாம். கார்தான் இருக்கும் தென் பிரான்சின் ப்ரோவான்ஸில் மிஸ்த்ரால் என்ற குளிர்ந்த வடகாற்று பல நாள் விடாமல் அடிக்கும். அதற்கு முதுகைக் காட்டும் சுவர்களில் திறப்புகளைக் குறைப்பது அங்கே பழைய வழக்கம். வெயிலுக்கும் அதே மருந்து. கூரைகளும் தாழ்ந்த சரிவில், ஓடு வேய்ந்தவை. எனவே தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஊர் இயல்பாகவே பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். ஓவியர் செய்தது, இருக்கும் ஒன்றிரண்டு சன்னல்களையும் கருந்தீற்றலாகச் சுருக்கி, சுவரை முழுத் தளமாகப் பேச விட்டது. அவர் உண்மையிலேயே விட்டுவிட்டது வேறொன்று: கார்தான் நிலக்கரி வெட்டிய ஊர், அதன் தடயம் படத்தில் இல்லை. என்ன இல்லை என்று பேசுவதானால் இதைப் பேசியிருக்கலாம்.

இதோடு ஒட்டியதுதான், செஸான் வீடுகளைக் ‘கனசதுரம்’ ஆக்கிப் பின்னால் வந்த க்யூபிசத்தை முன்கூட்டியே கண்டார் என்ற பிழை. இயற்கையை உருளை, கோளம், கூம்பு கொண்டு கையாளுங்கள் என்று செஸான் இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதியது 1904 ஏப்ரலில். அந்த வாக்கியத்தில் கனசதுரம் கிடையாது. கார்தானுக்கும் அந்தக் கடிதத்துக்கும் இடையே 18 ஆண்டு இடைவெளி வேறு. 1908இல் க்யூபிச ஓவியர் ப்ராக், மார்சேய் அருகிலுள்ள லெஸ்தாக்கில் வரைந்த வீடுகள் கார்தானைப் போல இருக்கின்றன என்றால், ப்ராக் செஸானைப் பார்த்தார் என்று அர்த்தம். செஸான் ப்ராக்கை எதிர்பார்த்திருந்தார் என்று அர்த்தமில்லை. அதே கடிதத்தில் இன்னும் பயனுள்ள வரி ஒன்று இருக்கிறது: சிவப்பும் மஞ்சளுமாகத் துடிக்கும் ஒளிக்குள் காற்றை உணர்த்தும் அளவுக்கு நீலம் சேர்க்க வேண்டும் என்கிறார். கூரைச் சிவப்புக்கும் சுவர் மஞ்சளுக்கும் நடுவே அங்கங்கே ஓடும் நீலத்தைத் தேடிப் பாருங்கள், அந்த வரி அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.

பூசாமல் விட்ட இடங்கள் பற்றி. அவை வெறும் துணி இல்லை, வெளிர்ந்த அடிப்பூச்சு தெரியும் இடங்கள். பக்கத்துச் சுவரின் வெளிச்சத்தோடு அது கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் படத்துக்குள் அதுவும் ஒரு ஒளியாகவே நிற்கிறது. ஒரு தீற்றல் வைத்தால் சுற்றியுள்ள எல்லாத் தீற்றல்களின் கணக்கும் மாறும் என்பதால், சரியான நிறம் கிடைக்கும் வரை அவர் இடத்தைக் காலியாக விடுவார். 1899இல் வரைந்த, ஓவிய வணிகர் வோலாரின் உருவப்படத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட அமர்வுகளுக்குப் பிறகும், கையில் இரண்டு சிறு இடங்கள் நிரப்பப்படாமல் இருந்தன. முடிக்காமல் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம், வேலை நின்றிருக்கலாம். விரக்தி என்று தீர்ப்பெழுத மட்டும் ஆதாரம் போதாது.

கட்டுரையின் கடைசிப் பத்தி ‘வான்கோவின் ஓவேர் தேவாலயத்திலும் இதே தனிமைதான்’ என்று முடிகிறது. 1890 ஜூனில் பாரிஸ் அருகே ஓவேர் என்ற ஊரில் வரைந்த, இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்துக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம். இரண்டாகப் பிரியும் பாதைகளில் எதுவும் தேவாலயத்துக்குள் போகவில்லை, கதவே இல்லை, ஆகவே அவருக்கு மதம் மூடிவிட்டது என்பது அடிக்கடி காதில் விழும் விளக்கம். அவர் வரைந்திருப்பது கட்டடத்தின் பின்பக்கம், பலிபீடம் இருக்கும் பகுதியின் வெளிச்சுவர். முகப்பு வாசல் அந்தப் பக்கம் இருக்காது. தங்கையிடம் அந்தப் படத்தை விவரிக்கும் கடிதத்தில் அவர் பேசுவது நிறங்களைப் பற்றி: தூய கோபால்ட் வானத்துக்கு எதிரே ஊதா நிறக் கட்டடம், அல்ட்ராமரைன் என்ற ஆழ்நீலத் திட்டுகளாகச் சன்னல் கண்ணாடிகள், ஊதாவும் ஓரளவு ஆரஞ்சுமான கூரை, முன்னால் வெயிலில் இளஞ்சிவப்பாக ஒளிரும் மணல். நீலத்துக்கு எதிரே ஆரஞ்சை வைப்பது, ஒன்றையொன்று கூர்மையாக்கும் எதிர்நிறக் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தின் நியூனெனில் வரைந்த பழைய கோபுரத்தையும் கல்லறையையும் நினைவூட்டி, இப்போது நிறம் இன்னும் செழுமையாக வந்திருக்கிறது என்றும் எழுதுகிறார்.

அதற்காக இங்கே உணர்ச்சியைப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. கல் கட்டடத்தின் நேர்கோட்டை அவர் வளைத்திருக்கிறார். முன்தரையில் வெயில் அடிக்க, வானம் இரவைப் போல ஆழ்ந்து கிடக்கிறது. பாதையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறாள். இவையெல்லாம் கேன்வாஸில் விரல் வைத்துக் காட்டக்கூடியவை. அமைதியின்மை என்ற சொல்லுக்கு இங்கே ஆதாரம் உண்டு, கார்தானில் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதுதான் என் வருத்தம். கிராமம் மறைவதை எண்ணி வான்கோ ஏங்கினார் என்பதும் பாதி உண்மை. ஓவேரில் வைக்கோல் கூரைகள் அரிதாகிவருவதைக் குறிப்பிட்ட அதே மனிதர், அதே மாதத்தில், அங்குள்ள புதிய பங்களாக்களும் தனக்குக் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அழகாகத் தெரிவதாக எழுதியிருக்கிறார்.

வான்கோவின் நிறத்தை வைத்து மனநிலை சொல்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அவர் பயன்படுத்திய சில சிவப்புச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். 1890 மே மாதம் வரைந்த, நியூயார்க்கில் உள்ள ‘ஐரிஸ்’ படத்தின் இளஞ்சிவப்புப் பின்னணி இன்று வெள்ளையாகத் தெரிகிறது. ஊதா என்று அவரே கடிதத்தில் எழுதிய, ‘படுக்கையறை’ ஓவியத்தின் சுவர் இன்று நீலமாக இருக்கிறது, ஏனென்றால் ஊதாவிலிருந்த சிவப்பு போய்விட்டது. குரோம் மஞ்சள் பழுப்பாகக் கறுக்கும். ‘குளிர்ந்த நீலம் அவரது சோர்வைக் காட்டுகிறது’ என்று எழுதும் முன், அந்த நீலம் அவர் பூசியதா, காலம் பூசியதா என்று கேட்க வேண்டும். ஓவியரின் கடிதமும் அருங்காட்சியகத்தின் ஆய்வுக் குறிப்பும் பக்கத்தில் இருந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

புகைப்படத்தோடு ஒப்பிடுவதும் நல்ல பழக்கம்தான். 1930களில் கலை வரலாற்றாளர் ஜான் ரிவால்ட் செஸான் நின்ற இடங்களைத் தேடிப் படம் எடுத்தார், அவற்றால் பல ஊகங்கள் தெளிந்தன. ஆனால் கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தால், தூரத்து மலையும் கோபுரமும் சுருங்கிவிடும். உடனே ‘ஓவியர் மலையைப் பெரிதாக்கிவிட்டார்’ என்பார்கள். செஸான் பெரிதாக்கியதும் உண்டு. எவ்வளவு என்பதை, காட்சியைப் பிதுக்காத இயல்புக் கோண லென்ஸ் வைத்துத்தான் சொல்ல முடியும்.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. படத்தின் கீழே ஆண்டு, அளவு, எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா, எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. கட்டுரையாளர்களிடம், ஒவ்வொரு விளக்கத்துக்கும் ‘படத்தில் எந்த இடம்?’ என்ற ஒரு கேள்வி. படத்தைச் சிறிதாகப் போட்டாலும் பரவாயில்லை, ஓரம் வெட்டாமல் போடுங்கள். அடுத்த ஞாயிறு பக்கம் அச்சுக்குப் போகும் முன், கோபுர நுனி இருக்கிறதா என்று யாராவது ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓவியம் கற்பிக்கும் வாசகர்